போணி முதல் புதுக்கணக்கு வரை: தமிழ்நாட்டுக் கடைத்தெரு வழக்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடை திறந்த கையோடு உள்ளே நுழைந்து, நாலு புடவையைப் பிரிக்கச் சொல்லி, விலையும் கேட்டுவிட்டு "அப்புறம் வர்றேன்" என்று கிளம்பும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் லேசில் விடமாட்டார். விலையைக் குறைப்பார், இன்னும் குறைப்பார், கடைசியில் ஒரு கைக்குட்டையாவது வாங்கிக்கொண்டு போகச் சொல்வார். அதே ஆள் மாலை ஆறு மணிக்கு அதே வேலையைச் செய்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. காலையில் நடப்பது போணி, அதாவது நாளின் முதல் விற்பனை. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் கடை வைப்பதும் கஷ்டம், பேரம் பேசி வாங்குவதும் கஷ்டம்.

இது முதன்மையாகப் புதிதாகக் கடை போடுபவருக்கு. மாடு, மனை, வண்டி, நகை வாங்குகிறவர்களுக்கும் கடைசியில் விவரம் உண்டு. உங்களுக்கு இந்த வழக்கங்களில் நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. எதிரே நிற்பவருக்கு இருக்கிறது. அவர் மனம் எந்த இடத்தில் சுணங்கும் என்று தெரிந்து வைத்திருப்பது தொழில். செலவில்லாத வழக்கத்தைத் தயங்காமல் பின்பற்றலாம். செலவு வைப்பதைக் கணக்குப் பார்த்துச் செய்யலாம். இன்னொருவரை அவமதிக்கச் சொல்வதைச் செய்யவே வேண்டாம்.

1. நாளும் நேரமும் குறிப்பது

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் புதுக்கடை திறப்பவர் குறைவு. ஆடியில் விதிவிலக்கு ஆடி 18, அதாவது ஆடிப்பெருக்கு. மக்கள் நல்ல காரியம் தொடங்காமல், பெரிதாக எதுவும் வாங்காமல் இருந்த மாதம் என்பதால்தான் ஆடித் தள்ளுபடி என்ற ஒன்று உருவாகி, இன்றைக்குத் துணிக்கடைகளின் பெரிய சீசன்களில் ஒன்றாக நிற்கிறது. தை, சித்திரை, ஆவணி பொதுவாக எல்லோருக்கும் சம்மதம்.

அடுத்தது வளர்பிறை. அஷ்டமி, நவமி, நாள்காட்டியில் கரிநாள் என்று போட்டிருக்கும் தேதி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கிழமையில் புதனும் வியாழனும் வெள்ளியும் முன்னிலை. "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்பது பழமொழி. செவ்வாயும் சனியும் கடை திறக்கத் தவிர்க்கப்படும் கிழமைகள்.

பிறகு நேரம். சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு நாள்காட்டிகள் போடும் கணக்கு இது:

- ஞாயிறு: ராகு காலம் 4:30–6:00, எமகண்டம் 12:00–1:30, குளிகை 3:00–4:30
- திங்கள்: ராகு 7:30–9:00, எமகண்டம் 10:30–12:00, குளிகை 1:30–3:00
- செவ்வாய்: ராகு 3:00–4:30, எமகண்டம் 9:00–10:30, குளிகை 12:00–1:30
- புதன்: ராகு 12:00–1:30, எமகண்டம் 7:30–9:00, குளிகை 10:30–12:00
- வியாழன்: ராகு 1:30–3:00, எமகண்டம் 6:00–7:30, குளிகை 9:00–10:30
- வெள்ளி: ராகு 10:30–12:00, எமகண்டம் 3:00–4:30, குளிகை 7:30–9:00
- சனி: ராகு 9:00–10:30, எமகண்டம் 1:30–3:00, குளிகை 6:00–7:30

ராகு காலத்தை மனத்தில் வைக்க ஒரு வாக்கியம் உண்டு: "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?" ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. 7:30-இல் திங்களில் தொடங்கி ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் 4:30-க்கு ஞாயிறில் முடியும்.

பலர் தடுக்கி விழும் இடம் இங்கேதான். உண்மையான கணக்கு, அன்றைய பகற்பொழுதை எட்டாகப் பிரிப்பது. தை மாதத்தில் 6:30-க்குச் சூரியன் உதித்து 6:00-க்கு மறைந்தால் பகல் 690 நிமிடம், ஒரு பங்கு ஏறக்குறைய 86 நிமிடம். அப்படியானால் திங்கட்கிழமை ராகு காலம் 7:56-இல் தொடங்கி 9:22 வரை ஓடும். நாள்காட்டியை நம்பி 9:05-க்குக் குத்துவிளக்கு ஏற்றினால், பஞ்சாங்கம் பார்க்கும் மாமனார் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். நாள்காட்டி சொல்லும் நேரத்துக்கு இரண்டு பக்கமும் அரை மணி விட்டுக் குறித்தால் இந்த வம்பு இல்லை.

குளிகை தனி ரகம். அந்த நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. ஆகவே நகை வாங்க, வங்கியில் பணம் போட, கடனை அடைக்கக் குளிகை நல்லது. கடன் வாங்கவும் நகையை அடகு வைக்கவும் ஆகாது.

2. இடமும் கல்லாவும்

"ராசியில்லாத கடை" என்று பெயர் வாங்கிய கடை வாடகை குறைவாகக் கிடைக்கும். எடுப்பதற்கு முன் அங்கே கடை வைத்து மூடியவர்கள் என்ன வியாபாரம் செய்தார்கள், ஏன் மூடினார்கள் என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். பெரும்பாலும் ராசிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியும் காரணம் இருக்கும்: ஒருவழிப் பாதையாக்கிய தெரு, வண்டி நிறுத்த இடமில்லாமை, மழைக்கு முன்வாசலில் தேங்கும் சாக்கடை, மாலையில் முகத்திலடிக்கும் மேற்கு வெயில். காரணம் உங்கள் தொழிலைத் தொடாது என்றால் தைரியமாக எடுங்கள். எடுத்த பின் பெயர்ப்பலகையும் வாசல் அமைப்பும் மாறியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் பழைய கடையாகவே பார்க்கும்.

கல்லாவில் உட்காருபவர் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்திருப்பது வழக்கம். வடக்கு குபேரன் திசை. ஆனால் கல்லாவிலிருந்து வாசலும் சரக்கு அடுக்கும் தெரிவது அதைவிட முக்கியம். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மேசையைச் சற்றுக் கோணலாகப் போட்டுச் சமாளிக்கிறார்கள். இரவில் கல்லாவைத் துடைத்து எடுத்துவிடாமல் சில நாணயங்களாவது விட்டுவைப்பார்கள். மறுநாள் காலையில் சில்லறைக்கு அலையாமல் இருக்க, 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களாகவே விட்டுவிடுங்கள். முஸ்லிம் வியாபாரிகள் பலர் 786 என்று முடியும் நோட்டு கிடைத்தால் அதைச் செலவழிக்காமல் கல்லாவில் பத்திரப்படுத்துவதுண்டு.

3. திறப்பு நாள்

காலையில் வாசல் தெளித்துக் கோலம். கல்லா, தராசு, பில் புத்தகம், கணினி எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம். தராசுத் தட்டில் சந்தனம் ஒட்டினால் எடை தவறும், மின்னணுத் தராசில் ஈரம் இறங்கும். பொட்டு தட்டின் மேல் வேண்டாம், உடலின் பக்கவாட்டில் வையுங்கள்.

கணக்குப் புத்தகத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே "லாபம்" அல்லது குலதெய்வத்தின் பெயர். முதல் பதிவு வரவாக இருக்க வேண்டும். பற்றில் தொடங்கக் கூடாது. திறப்பு விழாச் செலவை முந்திக்கொண்டு எழுதிவிடும் கணக்குப்பிள்ளையால் வீட்டில் சண்டை வந்த கடைகள் உண்டு. அந்தச் செலவுகளைத் தனித் தாளில் குறித்துவைத்து, முதல் விற்பனைக்குப் பின் ஏற்றுங்கள்.

முதல் வியாபாரத்துக்குக் கைராசிக்காரர் ஒருவரை முன்கூட்டியே அழைப்பார்கள். அவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: கடன் சொல்லக் கூடாது, பேரம் பேசக் கூடாது, தொகை 101, 501, 1,001 என்று ஒன்றில் முடிய வேண்டும். அந்தக் கடைசி ஒரு ரூபாய், உறவு இன்னும் முடியவில்லை, தொடரும் என்பதற்கு. மளிகைக் கடையென்றால் மஞ்சள், கற்கண்டு, சர்க்கரை மாதிரி மங்கலப் பொருளாக எடுக்கச் சொல்லுங்கள்.

கைராசி பார்க்கிற வழக்கத்துக்கு ஓர் அசிங்கமான மறுபக்கம் உண்டு. கணவனை இழந்த பெண்ணை முதல் வியாபாரத்துக்கு ஆகாதவர் என்று வாசலில் நிறுத்திவைப்பது, இன்ன சாதிக்காரர் முதலில் வரக் கூடாது என்பது. இதை வழக்கம் என்று பேசி நியாயப்படுத்த ஒன்றுமில்லை. கடைப்பையன்களுக்கு முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: முதலில் வருபவர் யாரோ அவரிடம் போணி.

4. போணி

நாளின் முதல் விற்பனைதான் போணி. அது எப்படி அமைகிறதோ அப்படி அந்த நாள் ஓடும் என்ற நம்பிக்கையிலிருந்து மற்ற விதிகள் எல்லாம் கிளைக்கின்றன.

விற்பவர் பக்கம்: போணிக் காசை வலது கையால் வாங்கி, கண்ணில் ஒற்றி, கல்லாவில் போடுவார். கூடைக்காரம்மா என்றால் நோட்டைச் சரக்கின் மேல் ஒருமுறை சுற்றியோ தொட்டோ இடுப்புப் பையில் செருகுவார். கடன் கிடையாது. போணிக்கு முன் சில்லறை மாற்றித் தரமாட்டார்கள், நேற்று வாங்கிய சட்டையைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், முகவரி கேட்டால்கூட அரை மனதாகத்தான் பதில் வரும். ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி கேட்டால் கேட்பவருக்கும் சங்கடம், கொடுப்பவருக்கும் சங்கடம்.

வாங்குபவர் பக்கம்: வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் காலை நேரம் உங்களுக்குச் சாதகம். விற்பவர் உங்களை வெறுங்கையோடு அனுப்ப விரும்பமாட்டார், அதனால் விலை இறங்கும். சும்மா விலை விசாரிக்க மட்டும் என்றால் பதினொரு மணிக்கு மேல் போங்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் இறங்கி வந்த பிறகு வாங்காமல் திரும்புவதுதான் மிகப் பெரிய குற்றம். திட்டு விழும், சில இடங்களில் நீங்கள் போன திசையில் கற்பூரமும் கொளுத்துவார்கள். தப்பித்தவறி அப்படி ஆகிவிட்டால், அதே கடையில் சின்னதாக ஒன்றை முழு விலைக்கு வாங்கிவிடுங்கள். ஒரு சீப்பு, ஒரு கட்டுக் கீரை போதும்.

கடைக்காரர்கள் இதில் செய்யும் தவறு, போணிக்காக நஷ்டத்துக்கு விற்பது. காலையில் அடிமாட்டு விலைக்குப் போகும் என்று தெரிந்துகொண்டு பெரிய பொருளைப் போணி நேரத்தில் கேட்கவே ஒரு கூட்டம் வரும். விலை அதிகமான சரக்கு விற்கும் கடையில் கல்லா ஓரத்தில் பத்து, இருபது ரூபாய்ப் பொருட்களை வைத்திருந்தால் போணி அதில் ஆகிவிடும். பெரிய பேரத்தை நிதானமாகப் பேசலாம். அரை மணிக்குள் போணி ஆகவில்லை என்றால் கடையில் வேலை செய்பவரே தன் காசில் ஏதாவது வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. பில் போட்டு, காசு வாங்கி, ஒழுங்காகவே செய்யுங்கள். இல்லையென்றால் இரவு இருப்புக் கணக்கு இடிக்கும்.

கைப்பேசியில் பணம் அனுப்பும் காலத்தில், போணிக்கு மட்டும் ரொக்கம் கேட்கும் கடைக்காரர் உண்டு. ஒலிபெருக்கிப் பெட்டி சொல்லும் முதல் தொகையையே போணியாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. வாங்குபவர் சட்டைப் பையில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு வைத்திருந்தால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

5. அளக்கும்போதும் கொடுக்கும்போதும்

நெல்லை மரக்காலால் அளக்கும் களத்தில் முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்வதில்லை. "லாபம்" என்று தொடங்கி, அடுத்தது "ரெண்டு", "மூணு" என்று போகும். புதிதாகக் கேட்பவர்கள் லாபம் என்பது இனாம் அளவு என்று நினைத்து, முடிவில் ஒரு மரக்கால் குறைத்து எண்ணிவிடுவார்கள். லாபமும் எண்ணிக்கையில் சேர்த்திதான். 12 மரக்கால் ஒரு கலம் என்பது பழைய வாய்ப்பாடு. ஆனால் மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் வெளியூரில் வாங்கும்போது ஒரு மரக்கால் நெல்லைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். தலை தட்டி அளப்பதா, கும்பாரமாக அளப்பதா என்பதையும் அளக்கத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டும். பாதியில் கேட்டால் சண்டை.

"இல்லை" என்ற சொல்லைக் கடையில் தவிர்ப்பார்கள். சரக்கு இல்லாதபோது "தீர்ந்திருக்கு, நாளைக்கு வந்துடும்" என்பார்கள். வாடிக்கையாளரை மறுநாளும் வரவைக்க இது உதவுகிறது. நாளைக்கு வராது என்று தெரிந்தும் அப்படிச் சொன்னால் ஒரே வாரத்தில் பெயர் கெடும். வருகிற நாளைச் சரியாகச் சொல்லுங்கள். கடையை "மூடு" என்பதும் கிடையாது. சாத்துவது, கட்டுவது, எடுத்து வைப்பது. வாங்குபவருக்கும் இப்படி ஒன்று உண்டு: பூக்காரர் வாசலில் வந்து கேட்டால் "வேண்டாம்" என்று முகத்திலடித்தாற்போல் சொல்வதில்லை. "இருக்கும்மா, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்பதே பேச்சு.

இடது கையால் காசோ பொருளோ நீட்டாதீர்கள். இது நம்பிக்கையைத் தாண்டி மரியாதையாகிவிட்டது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவர் நின்று பணம் மாற்றுவதும் ஆகாது. ஒருவர் படி தாண்டி வந்துவிட வேண்டும். உப்பு, மிளகாய், எள், கத்தரிக்கோல் ஆகியவற்றைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல் மேசையில் வைத்து எடுத்துக்கொள்ளச் செய்வார்கள், இல்லாவிட்டால் சண்டை வரும் என்பதற்காக. துணிக்கடையிலும் தையல் கடையிலும் வெறும் கத்தரியை "கிளிக் கிளிக்" என்று வெட்டிக்கொண்டிருந்தால் உடனே அதட்டல் விழும். கத்தரியின் கூரும் இதனால் கெடாமல் இருக்கிறது. புது மணிபர்ஸை விற்கும்போது சிலர் உள்ளே ஒரு ரூபாய் நாணயம் வைத்துத் தருவார்கள். ஒரு ரூபாய் செலவில் இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

காய்கறிக் கடையில் கொசுறு. கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய், சின்னத் துண்டு இஞ்சி. கொசுறைக் கேட்டு வாங்குவதும் வாடிக்கையாளரின் உரிமையாகவே கருதப்படுகிறது. எடை போட்டு முடித்து, காசு வாங்கிய பின் போடுங்கள். எடையோடு சேர்த்துப் போட்டால் அது கொசுறாகத் தெரியாது.

6. விளக்கு வைத்த பிறகு

மாலை விளக்கேற்றிய பின் உப்பு, ஊசி, தயிர், மோர், பால், பணம் ஆகியவை வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது பரவலான கட்டுப்பாடு. வீடுகளுக்கிடையே இரவல் கொடுப்பதில் இது இன்னும் கறாராக நிற்கிறது. கடைகளில் தளர்ந்துவிட்டது. உப்புப் பாக்கெட் இரவு ஒன்பது மணிக்கும் விற்கிறது. ஆனால் வயதான வாடிக்கையாளர் மாலையில் ஊசி கேட்கமாட்டார், ஞாபகமாகக் காலையில்தான் வருவார். மளிகைக் கடை முன்னால் உப்பு மூட்டை இரவெல்லாம் வெளியிலேயே கிடக்கும் பழக்கமும் முன்பு சாதாரணம். உப்பைத் திருடுவது பெரும் பாவம் என்ற எண்ணம் அதற்குக் காவல்.

வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகக் கூடாது என்ற நம்பிக்கைதான் புதுக் கடைக்காரரை உண்மையில் பாதிக்கும். செவ்வாயையும் பலர் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் வெள்ளியன்று பாக்கி வசூலுக்குப் போனால் "நாளைக்கு வாங்க" என்றுதான் பதில். வசூல் நாளைத் திங்கள், புதன், வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சரக்குப் போடுபவருக்கும் இப்படியே தவணை நாளைச் சொல்லிவிடுங்கள். சம்பள நாள் வெள்ளியில் விழுந்தால் வியாழக்கிழமையே கொடுத்துவிடுவதுதான் அழகு. நம்பிக்கையைச் சாக்காக வைத்துச் சனிக்குத் தள்ளிப்போடுவது வேலைக்காரர் வயிற்றில் அடிப்பது.

இருட்டிய பின் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். விளக்கு வைக்கும் முன் பெருக்கிவிடுங்கள். பிறகு பெருக்க நேர்ந்தால் குப்பையை மூலையில் ஒதுக்கி, காலையில் அள்ளுங்கள். நகைப் பட்டறையில் இது வெறும் நம்பிக்கையில்லை. அந்தத் தூசியில் பொன் இருக்கிறது. அதை விலைக்கு வாங்கிச் சலித்துத் தங்கம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

7. திருஷ்டி கழிப்பது

கடைவாசலில் தொங்கும் எலுமிச்சை மிளகாய், படிகாரம், ஆகாச கருடன் கிழங்கு, முகம் வரைந்த பூசணி எல்லாம் ஒரே வேலைக்கு. எல்லாவற்றையும் தொங்கவிட வேண்டியதில்லை. கல்லா மேசையில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சை போட்டு வைப்பவர்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் டெங்குக் கொசு வளரும்.

அமாவாசையன்றும் ஆயுத பூஜையன்றும் பூசணிக்காய் உடைப்பது செலவும் ஆபத்தும் உள்ள சடங்கு. செய்முறை இது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள சாம்பல் பூசணி போதும். காம்புப் பக்கம் மூன்று விரல் அகலத்துக்குச் சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுங்கள். உள்ளே குங்குமமும் சில நாணயங்களும் போட்டு, அதே துண்டால் மூடுங்கள். மேலே ஒரு கட்டி கற்பூரம் ஏற்றி, கடைக்கும் ஆட்களுக்கும் மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் ஓங்கி உடைப்பார்கள். துணிக்கடை, பேப்பர் கடை, பெயின்ட் கடைக்காரர்கள் கற்பூரத்தை உள்ளே சுற்றாமல் படிக்கு வெளியே நின்று சுற்றுங்கள்.

கெடுவது எங்கே என்றால், நடுரோட்டில் உடைப்பதில். வழவழப்பான சதையில் இருசக்கர வண்டி சறுக்கும். நாணயம் பொறுக்கக் குழந்தைகள் சாலைக்குள் ஓடும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் போலீஸார் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சொந்த வாசலின் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் உடைத்து, பத்து நிமிடத்தில் சுருட்டி அள்ளிவிடுங்கள். சாயக் குங்குமம் சிமென்டுத் தரையில் மாதக்கணக்கில் கறையாக நிற்கும். அதற்குப் பதில் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளில் பட்டாணி அளவு சுண்ணாம்பு கலந்து ஆரத்தி நீராக ஊற்றினால் அதே சிவப்பு வரும், கழுவுவதும் எளிது.

ஒற்றைத் தும்மல், பூனை குறுக்கே போவது, பல்லி கத்துவது, கிளம்பும்போது "எங்கே போறீங்க" என்று கேட்பது எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது. ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.

8. மாட்டுச் சந்தையில்

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் சந்தை. ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழன். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் மாட்டோடு குதிரையும் வரும். செவ்வாய் ஆகாது, ஆடி ஆகாது என்பவர்களும் சந்தை கூடும் நாளில் கையில் கயிற்றோடு நிற்பார்கள்.

முதலில் பல். அடித்தாடையில் நிலைப்பல் இரண்டு வந்திருந்தால் மாட்டுக்கு இரண்டு, இரண்டரை வயது. நாலு பல் என்றால் மூன்று, ஆறு பல் என்றால் மூன்றரை முதல் நாலு, எட்டுப் பல்லும் சேர்ந்து கடை சேர்ந்துவிட்டால் நாலரை, ஐந்து. கலப்பினத்தில் கொஞ்சம் முந்தும். அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது சுழி. உடம்பில் முடி சுழித்திருக்கும் இடமும் திசையும் பார்த்து மாட்டின் ராசி சொல்வார்கள். முதுகில் மேல்நோக்கிப் போகும் ஏறுபூரான் நல்லது, கீழ்நோக்கி இறங்கும் இறங்குபூரான் கெட்டது, பாடைச்சுழி இருந்தால் வீட்டில் சாவு என்று பயம். சுழிக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் விலைக்குச் சம்பந்தம் உண்டு. கெட்ட சுழி மாட்டை மலிவாக வாங்கலாம், விற்கும்போதும் அதே மலிவுக்குத்தான் போகும். பால் கறக்க வைத்துக்கொள்பவருக்கு லாபம், கைமாற்றிப் பிழைக்கும் வியாபாரிக்கு நஷ்டம். முதல்நாள் சாயங்காலம் கறக்காமல் மடி தேக்கிக் கொண்டுவருவது பழைய தந்திரம். தொடர்ந்து இரண்டு வேளை உங்கள் கண்ணெதிரே கறந்து அளந்த பிறகே கறவை மாட்டுக்கு விலை பேசுங்கள்.

விலை பேசுவது துண்டுக்குள். தரகர் தன் தோள் துண்டை இருவர் கைமேலும் போட்டு, விரலைப் பிடித்துத் தொகை சொல்வார். "ஆயிரத்துல" என்றோ "நூத்துல" என்றோ வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இரண்டு, கை முழுவதும் என்றால் ஐந்து. அதற்கு மேல் உள்ள குறிகள் சந்தைக்குச் சந்தை, தரகருக்குத் தரகர் மாறும். சுற்றி நிற்பவர் கண் படாமலும், அடுத்த மாட்டின் விலையை இது பாதிக்காமலும் இருக்கத்தான் இந்த மறைப்பு. இதன் ஓட்டையும் அதுவே. தரகர் உங்களிடம் ஒரு விரலும் விற்பவரிடம் வேறு விரலும் பிடித்து நடுவில் வைத்துக்கொள்ள முடியும். அச்சாரம் கொடுக்கும் முன், மூன்று பேரும் சேர்ந்து நிற்கையில் முடிந்த தொகையை ஒருமுறை வாயால் சொல்லச் சொல்லுங்கள். தரகு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதும் அப்போதே. அச்சாரம் கைமாறிய பின் பேச்சு மாறுவதில்லை.

விற்பவர் மாட்டைத்தான் கொடுப்பார், தன் கயிற்றைக் கொடுக்கமாட்டார். கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடுவாள் என்று அவிழ்த்து வைத்துக்கொள்வார். புதுக்கயிறு நீங்களே கொண்டுபோக வேண்டும். சந்தை வாசலில் வாங்கினால் விலை கூடுதல். பழைய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே புதியதைக் கட்டிவிடுங்கள். நடுவில் ஒரு நொடி கிடைத்தாலும் மாடு கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும்.

9. மனை, வண்டி, நகை

மனைக்கு டோக்கன் அட்வான்ஸ் 1,001 அல்லது 10,001, தட்டில் வெற்றிலை பாக்கோடு. சடங்குத் தொகை அதோடு நிற்கட்டும். அசையாச் சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீதியை வங்கி வழியாகவே கொடுங்கள். வில்லங்கச் சான்று பார்ப்பதற்கு முன் எந்த நல்ல நேரமும் நல்ல நேரமில்லை.

சுபமுகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகம் திருவிழாவாகிவிடும். பதிவுத்துறையே அந்த நாட்களில் கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. அப்படியும் உங்கள் முறை வரும்போது ராகு காலம் வந்துவிடலாம். வீட்டிலேயே நல்ல நேரத்தில் பத்திரத்தில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் பெரியவர்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் பலர் ஒதுங்குவார்கள். பழைய வண்டி வாங்குபவருக்கு இது பேரத்தில் ஒரு பிடி. இரும்பு என்பதால் சனிக்கிழமை டெலிவரி எடுக்காதவர்கள் உண்டு, அந்தக் கூச்சம் இல்லாதவர் சனிக்கிழமை போனால் நிதானமாக வண்டியைச் சோதித்து எடுக்கலாம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை வைத்து ஏற்றும்போது, புது ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்திவிடும் அபாயம் இருப்பதால் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

அட்சய திருதியை சித்திரை வளர்பிறையில் வரும் மூன்றாம் திதி. அன்று உப்பும் மஞ்சளும் வாங்கினாலே போதும் என்பார்கள். தங்கம் வாங்கியே ஆக வேண்டும் என்ற வேகத்துக்கு நகைக்கடை விளம்பரங்களுக்குப் பெரிய பங்குண்டு. கூட்டத்தில் கவனிக்காமல் விடுவது இரண்டு: சேதாரம், செய்கூலி எவ்வளவு சதவீதம் என்பது, 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாள எண் நகையில் இருக்கிறதா என்பது. முதல் நாளே போய் நகையைத் தேர்ந்தெடுத்து இந்த இரண்டையும் முடித்துவிட்டு, திருதியை அன்று பணம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

10. புதுக்கணக்கு

ஆயுத பூஜைக்கு முதல் நாளே கடையைக் கழுவி, தராசு, படிக்கல், கத்தரி, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிடுவார்கள். பூஜையன்று அவற்றால் வேலை செய்யக் கூடாது. விஜயதசமி காலையில் எடுத்துப் பெயருக்கு ஒரு வியாபாரமாவது செய்ய வேண்டும். பொரி, கடலை, அவல், சர்க்கரைப் பொட்டலத்தை அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து அனுப்புவது கட்டாயம். போட்டிக் கடைக்கும்தான். அந்த ஒருநாள் பேச்சுவார்த்தையில்தான் வருடம் முழுக்கச் சில்லறையும் அவசரத்துக்குச் சரக்கும் மாற்றிக்கொள்ளும் உறவு நிற்கிறது.

விருதுநகர், சிவகாசிப் பக்கம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துவைக்கும் வழக்கம் பழையது. நாடார் உறவின்முறைகள், அதாவது ஊர்ச் சாதிச் சங்கங்கள், அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களே நடத்தியிருக்கின்றன. தனிக்கடை வைப்பவர் சாமி பங்கு என்று எடுத்துவைத்தால் அதற்குத் தனி உண்டியலும் கணக்கில் தனித் தலைப்பும் வேண்டும். கல்லாவிலேயே கலந்து கிடந்தால் முதல் நெருக்கடியில் அது கைமாற்றாகிக் காணாமல் போகும்.

சித்திரை 1-இல் புதுக்கணக்குப் போடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிக் கணக்கு ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கிவிடும், சித்திரை ஏப்ரல் 14 வாக்கில்தான் பிறக்கும். பூஜைப் புத்தகத்தில் எழுதும் முதல் வரவுக்கும் கணினியில் அன்றைய தேதியில், அன்றைய வரிசை எண்ணில் பில் இருக்க வேண்டும். சுபமாக இருக்கட்டும் என்று பில் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டால், அந்த ஆண்டில் ஒரே எண்ணில் இரண்டு பில் நிற்கும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டிவரும். பழைய பாக்கிக்காரர்களின் பட்டியலைப் புது ஏட்டின் முதல் பக்கத்தில் ஏற்றமாட்டார்கள். மூன்றாம் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளலாம்.